முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு முன்

வேறு நாட்டுக் குடும்பம் ஒன்றோடு வீட்டை மாற்றிக்கொண்டு, அவர்கள் நம் வீட்டில் தங்க, நாம் அவர்கள் வீட்டில் தங்கும் பயணம் நடைமுறையில் சாத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே மூன்று தயக்கங்களையும் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் வீடு சாதாரணமானது, அதைத் தேடி யார் வருவார்கள்? முகம் தெரியாதவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

சாத்தியம்தான். நான் இதுவரை 11 முறை இப்படிப் பயணம் செய்திருக்கிறேன். ஒரு முறை கடைசி நேரத்தில் எல்லாம் கலைந்துபோயிருக்கிறது, அதையும் பின்னால் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் திருட்டையும் சேதத்தையும் நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை வீட்டு மாற்றங்கள் கெட்டுப்போனதற்குக் காரணம் வேறு. விசா வராமல் போனது, குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரிடம் கேட்காமல் விட்டது, காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு வார்த்தை சொல்லாதது, "இது அவர்களுக்கே புரியும்" என்று நினைத்துச் சொல்லாமல் விட்ட சின்னச் சின்ன விஷயங்கள். எல்லாமே புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பேசித் தீர்த்திருக்கக் கூடியவை. அதனால் இந்தப் பதிலின் பெரும்பகுதி புறப்படுவதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்த வழக்கம் இணையத்தோடு பிறந்ததில்லை. 1949-இல் டென்மார்க்கில் தொடங்கிய செர்வாஸ் அமைப்பு, போர் முடிந்த காலத்தில் வெவ்வேறு நாட்டு மக்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் விருந்தினராகத் தங்கிப் பழக வேண்டும் என்று ஆரம்பிக்கப்பட்டது. 1953-இல் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இன்டர்வாக் அமைப்பைத் தொடங்கினார்கள். அது நேரடியாக வீடு மாற்றிக்கொள்வதற்கே ஆனது. ஆசிரியர்களுக்கு நீண்ட விடுமுறை உண்டு, அத்தனை நாள் விடுதியில் தங்கும் அளவுக்குச் சம்பளம் கிடையாது. விடுமுறையில் அவரவர் வீடும் பூட்டியே கிடக்கும். அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்த யோசனை ஏன் அவர்களுக்குத் தோன்றியது என்று புரியும். அப்போதெல்லாம் வீடுகளின் விவரம் அச்சிட்ட புத்தகமாகத் தபாலில் வரும். பிடித்த வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

1992-இல் அமெரிக்காவில் எட் குஷின்ஸ் என்பவர் ஹோம்எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். 2011-இல் பிரான்ஸில் தோன்றிய கெஸ்ட்டுகெஸ்ட், 2017-இல் அதை வாங்கி, 2019-இல் இரண்டையும் ஹோம்எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரிலேயே ஒரே இணையதளமாக்கியது. இன்று இந்தத் துறையில் பெரிய தளம் அதுதான். இன்டர்வாக்கும், அதே மாதிரியான ஹோம்லிங்க் அமைப்பும் இன்னும் இயங்குகின்றன. பல்கலைக்கழக ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் வேற்றூரில் தங்க சபாட்டிகல்ஹோம்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பெரும்பாலான தளங்கள் ஆண்டுச் சந்தாவில் நடக்கின்றன. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வாடகை கொடுப்பதில்லை. இது முக்கியமான விஷயம், சட்டம் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

மாற்றிக்கொள்வதில் சில வகைகள் உண்டு. ஒரே தேதிகளில் இரு குடும்பங்களும் இடம் மாறுவது பழைய முறை. அடுத்தது, வெவ்வேறு தேதிகளில் மாற்றிக்கொள்வது. அவர்கள் மே மாதம் வருவார்கள், நாம் டிசம்பரில் போவோம். இது இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கும், வீட்டை விட்டு வேறிடத்தில் சில நாள் தங்கிக்கொள்ள வசதி உள்ளவர்களுக்கும் எளிது. மூன்றாவது, வீட்டுக்காரர் இருக்கும்போதே ஓர் அறையில் விருந்தினராகத் தங்கி, பிறகு அவர்களையும் அப்படியே வரவேற்பது. தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கு இதை நான் மனதாரச் சிபாரிசு செய்வேன். ஊரைத் தெரிந்துகொள்ள அந்த ஊர்க்காரரின் சாப்பாட்டு மேசையைவிட நல்ல இடம் கிடையாது.

நான்காவது, புள்ளிகள். ஒருவர் உங்கள் வீட்டில் தங்கினால் இரவுக்கு இத்தனை என்று உங்கள் கணக்கில் புள்ளிகள் சேரும், அவற்றைக் கொண்டு நீங்கள் உலகத்தில் வேறு யார் வீட்டிலாவது தங்கலாம். வீட்டின் அளவு, இருக்கும் ஊர், வசதிகளைப் பொறுத்து ஓர் இரவுக்கான புள்ளி மாறும். ஐஸ்லாந்துக்குப் போக ஆசைப்படும் உங்களுக்கு, உங்கள் ஊருக்கு வர ஆசைப்படும் ஐஸ்லாந்துக்காரரே கிடைக்க வேண்டும் என்ற கட்டாயத்தை இது உடைத்தது. ஆனாலும் முதல் முறைக்கு நேர் மாற்றமே நல்லது என்பது என் கருத்து. ஒரே நேரத்தில் அவர் உங்கள் வீட்டிலும் நீங்கள் அவர் வீட்டிலும் இருக்கும்போது இரு பக்கமும் இயல்பாகவே ஒரு கவனம் இருக்கும். ஏதாவது ஒன்று வேலை செய்யாவிட்டால் உடனே எழுதிக் கேட்கலாம். அவரும் உங்களிடம் கேட்பார். அந்த இரண்டு வாரத்தில் பழக்கம் நட்பாகிவிடும்.

சரி, உங்கள் முதல் தயக்கத்துக்கு வருகிறேன். வீடு சாதாரணமாக இருப்பது தடையே இல்லை. வருகிறவர்கள் வீட்டைத் தேடி வருவதைவிட, தங்கள் காரணத்தைத் தேடித்தான் வருகிறார்கள். மகள் அந்த ஊரில் படிக்கிறாள், பேரன் பிறந்திருக்கிறான், கல்யாணத்துக்கு வர வேண்டும், தாத்தா பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும், ஒரு நூலகத்தில் மூன்று வாரம் வேலை இருக்கிறது. பெருநகர வாசிக்குச் சத்தமில்லாத சிற்றூர் வேண்டும். தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவருக்குப் பள்ளியின் நீண்ட விடுமுறை டிசம்பரிலும் ஜனவரியிலும் வரும். அந்த மாதங்களில் வடக்கே பனி பார்க்க ஆசைப்படும் குடும்பங்கள் நிறைய. ஆக, பட்டியலில் உங்கள் வீட்டை ஏற்றும்போது அழகைப் பற்றிக் குறைவாகவும் பயனைப் பற்றி அதிகமாகவும் எழுதுங்கள். எத்தனை பேர் வசதியாகப் படுக்கலாம், ரயில் நிலையம் எத்தனை நிமிட நடை, உட்கார்ந்து வேலை பார்க்க மேசை உண்டா, குழந்தைக்குக் கட்டில் உண்டா, மாடிப்படி எத்தனை, லிஃப்ட் உண்டா. இவைதான் ஒருவரை முடிவெடுக்க வைக்கின்றன.

குறைகளையும் அங்கேயே எழுதிவிடுங்கள். எனக்கு ஒருமுறை வந்த கடிதத்தில், "எங்கள் வீட்டுப் பின்பக்க ஜன்னல் சரியாக மூடாது, காற்றடித்தால் சத்தம் வரும், கோடை முழுவதும் எதிர்வீட்டில் கட்டட வேலை நடக்கும், காலை 8 மணிக்கே தொடங்கிவிடுவார்கள்" என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த அன்றே இவர்களோடுதான் போகப்போகிறோம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். சத்தம் இருந்தது, சொன்னபடியே 8 மணிக்குத்தான் இருந்தது. எங்களுக்கு அது தொந்தரவாகவே படவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் பட்டிருக்கும்.

இந்த விஷயத்தில் நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான். நம்பிக்கை வருவது தளத்தின் முத்திரையாலோ நட்சத்திரங்களாலோ இல்லை, முன்கூட்டியே நடக்கும் கடிதப் போக்குவரத்தால்தான். முதல் கடிதத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பாதீர்கள். அவர்கள் விவரப் பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டு, ஏன் அந்த ஊர், ஏன் அந்த வீடு, யார் யார் வருகிறீர்கள், எந்தத் தேதிகள், அதில் எத்தனை நாள் முன்பின் நகர்த்தலாம் என்று எழுதுங்கள். பத்துப் பதினைந்து பேருக்கு எழுதினால் ஒருவர் ஒத்துவருவது சாதாரணம். அதற்குச் சோர்ந்துபோக வேண்டாம். பதில் வந்ததும் வீடியோவில் பேசுங்கள், ஒருமுறை இல்லை, இரண்டு மூன்று முறை. கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், நீங்களும் காட்டுங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களையும் பேசவிடுங்கள். மூன்றாவது பேச்சில் அவர்கள் அந்நியர்களாக இருக்க மாட்டார்கள். உங்கள் இரண்டாவது தயக்கத்துக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

மோசடி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறு யாரோ ஒருவரின் வீட்டுப் படங்களை எடுத்துப் போட்டு, முன்பணம் அனுப்பச் சொல்லி ஏமாற்றுவதுதான் வழக்கமான முறை. அதற்கு அடையாளங்கள் உண்டு. தளத்துக்கு வெளியே வந்து பேசும்படி அவசரப்படுத்துவார்கள், வீடியோவில் வீட்டைக் காட்டக் காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பார்கள், பணம் என்ற பேச்சு எப்படியாவது வந்துவிடும். படங்களை இணையத்தில் படமாகவே தேடிப் பாருங்கள், வேறு வாடகை விளம்பரத்தில் அதே படம் இருந்தால் விலகிவிடுங்கள். முகவரியைக் கேட்டு, தெருக்காட்சி வரைபடத்தில் வாசலைப் பார்த்து, வீடியோவில் காட்டியதோடு ஒப்பிடுங்கள். வீட்டு மாற்றத்தில் ஒரு தனிமனிதருக்கு நேரடியாகப் பணம் அனுப்ப வேண்டிய அவசியம் அநேகமாக வராது. வந்தால் நின்று யோசியுங்கள்.

இனி அனுமதிகள். நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால் உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். பல வாடகை ஒப்பந்தங்களில் வேறொருவரைக் குடிவைக்கக் கூடாது என்ற விதி இருக்கும். பணம் வாங்கவில்லையே என்று நீங்கள் சொன்னாலும் அதை மீறியதாகவே எடுத்துக்கொள்ள இடம் உண்டு. சொந்த அடுக்குமாடி வீடு என்றாலும் குடியிருப்போர் சங்கத்தின் விதிகளைப் படியுங்கள், காவலாளிக்கும் பக்கத்து வீட்டுக்கும் முன்பே பெயர்களைச் சொல்லிவையுங்கள். வீட்டுக் கடன் இருந்தால் அந்த ஒப்பந்தத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

காப்பீடு அதைவிடக் கவனிக்க வேண்டியது. வீட்டுக் காப்பீடும் வீட்டுப் பொருள் காப்பீடும் வைத்திருப்பவர்கள், "பணம் வாங்காமல் இத்தனை நாளைக்கு விருந்தினர்கள் தங்குவார்கள், நான் ஊரில் இருக்க மாட்டேன்" என்று நிறுவனத்துக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கிவையுங்கள். சில பாலிசிகளில் உரிமையாளர் இல்லாத நாட்களுக்கு வரம்பு இருக்கும், பூட்டை உடைக்காமல் நடந்த திருட்டுக்கு இழப்பீடு கிடையாது என்றும் இருக்கும். சாவியை நீங்களே கொடுத்திருக்கும்போது இந்த இரண்டாவது வரி பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். விருந்தினர் வழுக்கி விழுந்தால், குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கினால் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். சில தளங்கள் சேதத்துக்கும் கடைசி நேர ரத்துக்கும் ஓரளவு உத்தரவாதம் தருகின்றன. அது தளத்திலேயே முறைப்படி உறுதி செய்த மாற்றத்துக்குத்தான் பொருந்தும். மின்னஞ்சலில் மட்டும் பேசி முடித்ததற்கு அதை எதிர்பார்க்க முடியாது.

விசா பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் என்னுடைய ஒரு பயணம் இதில்தான் கலைந்தது. நாங்கள் அந்த நாட்டுக்குள் நுழைய விசா கிடைத்துவிட்டது. எதிர்ப்பக்கக் குடும்பத்துக்குக் கிடைக்கவேண்டியது புறப்படும் தேதிக்கு 6 நாள் தள்ளி வந்தது. அதற்குள் அவர்களுடைய விமான டிக்கெட் கெட்டுப்போனது, எங்களுக்கும் அவர்கள் வீட்டைக் காலி செய்துதர வழியில்லாமல் போனது. தவறு யாருடையதும் இல்லை. நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒரு கடவுச்சீட்டுக்கு விசாவே தேவைப்படாத நாட்டுக்குள் போக, இன்னொரு கடவுச்சீட்டுக்கு இரண்டு மாதம் ஆகலாம். இரு பக்கத்துக்கும் விசா நிலவரம் வேறு வேறாக இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பேசுங்கள். வேறாக இருந்தால், வெவ்வேறு தேதிகளில் மாற்றிக்கொள்ளும் முறைக்குப் போவது நல்லது. ஒருவருக்குத் தாமதமானாலும் இன்னொருவரின் பயணம் விழாது. இரண்டு விசாவும் கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட்டை யாரும் வாங்குவதில்லை என்றும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

விசா விண்ணப்பத்தில் எங்கே தங்குவீர்கள் என்ற கேள்விக்கு விடுதி ரசீதுதான் பலரும் இணைப்பது. நமக்கு அது இருக்காது. வீட்டுக்காரரின் அழைப்புக் கடிதம், வீடு அவருடையது என்பதற்கு ஆதாரம், தளத்தில் உறுதி செய்த மாற்றத்தின் நகல், இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி நடைமுறை உண்டு. பிரான்ஸில் தனியார் வீட்டில் தங்கப்போகும் விருந்தினருக்கு வீட்டுக்காரர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போய் ஒரு சான்று வாங்கித் தரவேண்டியிருக்கும். அதை வாங்க அவருக்கு நாட்கள் வேண்டும், நீங்கள் கடைசி வாரத்தில் கேட்டால் நடக்காது. இத்தாலியில் வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறையின் உரிய அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் உங்கள் ஊரில் இருக்கும்போது இதை அங்கே யார் செய்வது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் 29-க்கும் சேர்த்து எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம், நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். மூன்று மாதம் முழுதாக மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் காலண்டரில் ஒவ்வொரு நாளாக எண்ணுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாமல் இருப்பது. வீட்டு மாற்றத்தோடு நாய், பூனை, தோட்டம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதும் அடிக்கடி சேர்ந்து வரும். மனிதர்கள் பார்வையில் அது ஓர் உதவி. குடியேற்ற அதிகாரிகள் பார்வையில் தங்குமிடத்துக்கு ஈடாகச் செய்யும் வேலையாகத் தெரியலாம். 2022-இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் ஓர் ஆஸ்திரேலியப் பயணி, பூனைகளைப் பார்த்துக்கொண்டு அதற்கு ஈடாக வீடுகளில் தங்கியதை அதிகாரிகள் வேலையாகக் கருதியதால் திருப்பி அனுப்பப்பட்டார். பொய் சொல்லச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஏற்பாட்டையே சரியாக அமைத்துக்கொள்ளுங்கள். பிராணிகளைப் பார்த்துக்கொள்ள அவர்கள் ஊரிலேயே வேறு யாரையாவது வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், அல்லது அந்த நாட்டின் தூதரகத்திடம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறுகிய கால வாடகையை இப்போது பல நகரங்கள் கட்டுப்படுத்துகின்றன. நியூயார்க்கில் 30 நாளுக்குக் குறைவான வாடகைக்குப் பதிவு கட்டாயம் என்ற விதி 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய விதிகள் பெரும்பாலும் பணத்துக்கு வீடு விடுவதைக் குறிவைத்தவை, ஆனாலும் உங்கள் நகரத்தின் விதியை நீங்களே படித்துப் பாருங்கள். வரியைப் பொறுத்தவரை பணம் கைமாறாத மாற்றத்தில் பெரும்பாலானோருக்குச் சிக்கல் வருவதில்லை. விடுமுறை வீட்டை வருடத்தின் மற்ற நாட்களில் வாடகைக்கு விடுகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். உதாரணமாக அமெரிக்க வருமான வரி விதிப்படி, வீட்டு மாற்றத்தில் பிறர் தங்கிய நாட்களும் உரிமையாளர் சொந்தமாகப் பயன்படுத்திய நாட்களாகவே எண்ணப்படும், அதனால் வாடகைச் செலவுக் கழிவு குறையலாம்.

எல்லாம் பேசி முடித்ததும் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். வக்கீல் மொழி வேண்டாம், இரண்டு பக்கம் போதும். தேதிகளும் நேரமும், யார் யார் தங்குவார்கள், கூடுதலாக யாராவது வந்து தங்கலாமா, புகை பிடிக்கலாமா, கார் சேர்த்தியா, மின்சாரம் தண்ணீர் கட்டணம் யாருடையது, கிளம்பும்போது எந்த அளவுக்குச் சுத்தம், உடைந்தால் என்ன செய்வது, ஒருவர் ரத்து செய்தால் என்ன. இந்தக் கடைசிக் கேள்வியைப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். பெற்றோருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், வேலை போகலாம், கால் முறியலாம். "அப்படி ஆனால் நாங்கள் வராவிட்டாலும் நீங்கள் வந்து தங்கலாம், வீடு தயாராக இருக்கும்" என்று முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் எது முடியும் என்பதை எழுதுங்கள். சுத்தத்தைப் பற்றியும் வெளிப்படையாக இருங்கள். "நன்றாக" என்ற சொல்லுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அர்த்தம். படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்து வைக்கவா, கழற்றிக் கூடையில் போட்டால் போதுமா என்ற அளவுக்குச் சொல்லிவிட்டால் மனவருத்தமே வராது.

கார் மாற்றிக்கொள்வது நல்ல வசதி, ஆனால் காப்பீட்டில் அவர்களின் பெயரைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியிலும் வகை உண்டு. 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி தருவது ஓராண்டுக்குச் செல்லும், 1968 வியன்னா உடன்படிக்கையின்படி தருவது மூன்றாண்டு வரை செல்லும். எல்லா நாடும் இரண்டையும் ஏற்பதில்லை. ஜப்பான் 1949-க்கான அனுமதியை மட்டுமே ஏற்கிறது. இடப்பக்கம், வலப்பக்கம் மாறி ஓட்டுவதில் தயக்கம் இருந்தால் காரை ஒப்பந்தத்தில் சேர்க்காமலே விட்டுவிடுவது இரு வீட்டுக்கும் நல்லது.

வீட்டைத் தயார் செய்வதைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். வண்ணம் அடிக்க வேண்டாம், புது சோபா வாங்க வேண்டாம். ஓர் அலமாரியைக் காலி செய்யுங்கள், குளியலறையில் ஒரு தட்டைக் காலி செய்யுங்கள், ஃபிரிட்ஜில் பாதியைக் காலி செய்யுங்கள். நகை, பத்திரம், மருந்து, மனதுக்கு நெருக்கமான பொருட்கள் எல்லாவற்றையும் ஓர் அறையிலோ பீரோவிலோ வைத்துப் பூட்டிவிடுங்கள், பூட்டியிருக்கிறது என்று சொல்லியும் விடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அவர்களும் அதையேதான் செய்திருப்பார்கள். உடைந்தால் தாங்க முடியாத எதுவும் வெளியில் இருக்க வேண்டாம்.

அதற்கு மாறாக, வீட்டுக் குறிப்பேட்டுக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். நம் வீட்டில் நாம் கை தானாகப் போய்ச் செய்யும் எத்தனையோ காரியங்கள் வந்தவருக்குப் புதிர். தண்ணீர் பிரதான வால்வு எங்கே, மின்சார மெயின் ஸ்விட்ச் எங்கே, ஃபியூஸ் போனால் எந்தப் பிடியை மேலே தள்ள வேண்டும், கேஸை எங்கே மூடுவது, வெந்நீர் வர எத்தனை நிமிடம், வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான், வைஃபை கடவுச்சொல், எந்தக் குப்பை எந்த நாள். குப்பை என்று சொன்னால் சிரிப்பாக இருக்கும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பிரித்துப் போடும் விதிகள் நுணுக்கமானவை, தப்பாகப் போட்டால் அக்கம்பக்கத்தார் வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள். படம் எடுத்து அம்புக்குறி போட்டு விளக்குங்கள். மொழி தெரியாவிட்டாலும் படம் புரியும். அவசர எண்களையும், அருகில் உள்ள மருத்துவமனையையும், வீட்டு முகவரியை உள்ளூர் மொழியில் எழுதிய ஒரு சீட்டையும் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வரி. ஜப்பானில் 100 வோல்ட், வட அமெரிக்காவில் 120, உலகின் பெரும்பகுதியில் 220 முதல் 240 வரை. போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் இவை எல்லாவற்றையும் தாங்கும், அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். முடி உலர்த்தி மாதிரி சூடாகும் சாதனங்கள் அப்படியில்லை, பிளக் அடாப்டர் மட்டும் மாட்டி இயக்கினால் கருகிவிடலாம். அவற்றைக் கொண்டுபோகாமல் அங்கே இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அதுதானே வீட்டில் தங்குவதன் வசதி.

சாவி இரண்டு செட் வேண்டும். ஒன்று அவர்கள் கையில், இன்னொன்று நம்பகமான பக்கத்து வீட்டாரிடமோ நண்பரிடமோ. அந்த நண்பர் முதல் நாள் வந்து கதவைத் திறந்துகொடுத்து, வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். நான் போன வீடுகளில் என் நினைவில் நிற்பது அப்படி வந்து கதவு திறந்தவர்களின் முகங்கள்தான். ஒரு பெரியவர், வீட்டுக்காரரின் அண்டை வீட்டார், ஒவ்வொரு மாலையும் வாசலில் வந்து "இன்று எங்கே போனீர்கள்" என்று கேட்பார். நாங்கள் கிளம்பும் நாளில் பேருந்து நிறுத்தம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விடுதியில் தங்கியிருந்தால் அப்படி ஒருவரைப் பார்த்தே இருக்க மாட்டோம்.

போய்ச் சேர்ந்த அன்று வீட்டைச் சுற்றிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படுவதற்காக இல்லை, கிளம்பும்போது எது எங்கே இருந்தது என்று பார்த்துத் திருப்பி வைக்க அது உதவும். ஏதாவது உடைந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் இரண்டாம் நாளே மேசை விளக்கின் கண்ணாடிக் கூட்டை நான் தட்டிவிட்டேன். இரவே படத்தோடு எழுதினேன், அதே மாதிரி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "நாங்களும் உங்கள் வீட்டு ஜாடியின் கைப்பிடியை உடைத்துவிட்டோம், எப்படிச் சொல்வதென்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தோம்" என்று பதில் வந்தது. இரண்டு பேரும் அவரவர் உடைத்ததை வாங்கி வைத்துவிட்டுக் கிளம்பினோம். மறைத்திருந்தால் இரண்டு வீட்டிலும் ஊர் திரும்பிய முதல் நாள் கசந்திருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்ற மூன்றாவது கேள்விக்கு இப்போது பதில் சுலபம். வெளிநாட்டுக்குப் போவதற்கு முன், முடிந்தால் உங்கள் நாட்டுக்குள்ளேயே ஒரு வார இறுதிக்கு வீடு மாற்றிப் பாருங்கள். விசா இல்லை, டிக்கெட் செலவு பெரிதில்லை. குறிப்பேட்டில் என்ன விட்டுப்போனது என்று அதிலேயே தெரிந்துவிடும், தளத்தில் உங்களைப் பற்றி நல்ல வார்த்தை எழுத ஒரு குடும்பமும் கிடைக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு 8 அல்லது 9 மாதம் முன்பே கடிதங்களை எழுதத் தொடங்குங்கள். பள்ளி விடுமுறைக் காலம் என்றால் இன்னும் முன்பே. 6 மாதம் இருக்கும்போது யாரோடு என்பது உறுதியாகிவிட வேண்டும், அந்த வாரத்திலேயே காப்பீட்டு நிறுவனத்துக்கும், வாடகை வீடு என்றால் உரிமையாளருக்கும் எழுதிவிடுங்கள். விசா எவ்வளவு முன்னதாக விண்ணப்பிக்கலாம் என்று அந்தந்த நாட்டின் விதியைப் பார்த்து, அனுமதிக்கும் முதல் நாளிலேயே கொடுங்கள். ஷெங்கன் என்றால் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வீட்டுக் குறிப்பேட்டை ஒரு மாதம் முன்பே அனுப்பிவிட்டால், அவர்கள் படித்துவிட்டுக் கேள்வி கேட்க நேரம் இருக்கும்.

உங்கள் வீட்டுக் குறிப்பேட்டை இன்றைக்கே எழுதத் தொடங்கலாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வாசல் கதவில் இருந்து ஒவ்வோர் அறையாகப் போய், முதல் தடவை இந்த வீட்டுக்குள் வருகிறவர் என்னவெல்லாம் கேட்பார் என்று எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் அதை வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுத்து, அதில் இருப்பதை மட்டும் வைத்து வெந்நீர் போடச் சொல்லுங்கள்.